போர்க்கைதிகளை மனிதராக நடத்துங்கள், வீட்டுக்கு அனுப்புங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பள்ளிகளிலும் கூட்டங்களிலும் போர்க்கைதிகளைப் பற்றிப் பேசும்போது மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நாங்கள் சொல்லும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறோம். எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்த நாட்டுச் சிப்பாயாக இருந்தாலும், பிடிபட்ட நாளிலேயே அவருடைய பெயர் வெளியே தெரிய வேண்டும். சிறையில் இருக்கும் காலம் முழுவதும் அவர் மானத்தோடு நடத்தப்பட வேண்டும். சண்டை ஓய்ந்ததும் எந்தப் பேரமும் இன்றி அவர் ஊர் திரும்ப வேண்டும்.

செட்டிநாட்டுக்கும் போர்க்கைதிகளுக்கும் என்ன தொடர்பு?

நிறையவே உண்டு. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கிழக்கிந்தியக் கம்பெனி, எஞ்சியிருந்த போராளிகளில் எழுபதுக்கும் மேற்பட்டோரை அடுத்த ஆண்டு தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தியது. சிவகங்கை மன்னர் வேங்கை பெரிய உடையணத் தேவரும், சின்ன மருதுவின் இளம் வயது மகன் துரைச்சாமியும் அவர்களில் அடக்கம். எத்தனை காலம் என்ற வரையறை அவர்களுக்கு இல்லை. வீட்டுக்கு ஓலை அனுப்பும் உரிமை இல்லை. போய்ப் பார்த்து விசாரிக்க ஒரு நடுநிலை அமைப்பும் இல்லை. பலர் ஊர் திரும்பவே இல்லை. பிற்காலத்தில் அதே பினாங்கில் நம் ஊர்க்காரர்கள் கிட்டங்கி (வட்டித் தொழில் நடக்கும் இடம்) வைத்துத் தொழில் நடத்தியபோது, சின்ன மருதுவின் சிறுவயல் மண்ணிலிருந்து கைதியாக வந்தவர்களின் நினைவு அந்தத் தெருக்களில் எவ்வளவு மிஞ்சியிருந்ததோ தெரியவில்லை.

அடுத்தது 1942. முந்தைய ஆண்டு டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. மார்ச் மாதத்தில் நகரமே வீழ்ந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் நம்மவர் கடைகளில் இருந்த மேலாட்களும் பெட்டியடிப் பையன்களும் (இளம் உதவியாளர்கள்) என்ன ஆனார்கள் என்று தெரியாமல், இங்கே வளவு வளவாக ஆச்சிமார் தபாலுக்குக் காத்திருந்தார்கள். சிலர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்து சேர்ந்தார்கள். சிலரைப் பற்றி 1945 வரை ஒரு வரிச் செய்திகூட இல்லை. அவர்கள் சிப்பாய்கள் அல்லர் என்பதால் போர்க்கைதி என்ற பெயர் அவர்களுக்குப் பொருந்தாது. ஆனாலும், அக்கரையில் ஒருவர் அகப்பட்டுக்கொண்டால் இக்கரையில் ஒரு குடும்பம் எப்படி உறைந்துபோகும் என்பதை இந்த வட்டாரத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

யாரைப் போர்க்கைதி என்கிறோம்?

இரு நாடுகளுக்கிடையே நடக்கும் போரில் எதிரியின் கையில் சிக்கிய படைவீரரே முதன்மையாகப் போர்க்கைதி. படையோடு முறைப்படி இணைந்த தன்னார்வப் படையினர், படைக்குத் துணையாகச் செல்லும் அனுமதி பெற்ற ஒப்பந்தக்காரர்கள், போர் நிருபர்கள் போன்றோருக்கும் அந்தத் தகுதி உண்டு. 1949 ஆகஸ்டு 12 அன்று ஏற்கப்பட்ட மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் நான்காம் பிரிவு இதை வரையறுக்கிறது. ஒருவர் இந்த வரையறைக்குள் வருவாரா என்ற ஐயம் எழுந்தால், தகுதியான தீர்ப்பாயம் முடிவு சொல்லும்வரை அவரைப் போர்க்கைதியாகவே கருத வேண்டும் என்கிறது ஐந்தாம் பிரிவு. இந்தியாவும் பாகிஸ்தானும் சீனாவும் இலங்கையும் இந்த உடன்படிக்கையை ஏற்றவை. இந்தியா தன் பங்குக்கு 1960-ல் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டத்தையும் இயற்றியது.

மனத்தில் நிறுத்த வேண்டிய ஒன்று, போர்க்கைதி குற்றவாளி ஆகமாட்டார் என்பதே. தன் நாட்டுக்காகச் சண்டையிட்டதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. அவர் மறுபடியும் களத்துக்குப் போய்விடாமல் தடுப்பது ஒன்றே அவரை அடைத்து வைப்பதன் நோக்கம். அந்த நோக்கம் முடிந்ததும் அடைப்பதற்கான நியாயமும் முடிந்துவிடுகிறது. போர்க்குற்றம் செய்தவர் மீது வழக்கு நடத்தலாம். அதையும் உரிய நீதிமன்றத்தில், எதிர்வாதத்துக்கு இடம் கொடுத்தே நடத்த வேண்டும்.

மனிதநேயத்தோடு நடத்துவது என்றால் நடைமுறையில் என்ன?

143 பிரிவுகள் கொண்ட அந்த உடன்படிக்கை, நாம் எதிர்பார்ப்பதைவிட மிக நுணுக்கமாக இதைச் சொல்கிறது. கைதி தங்கும் இடம், அதே பகுதியில் முகாமிட்டிருக்கும், அவரைப் பிடித்து வைத்திருக்கும் நாட்டுப் படையினரின் இருப்பிடத்துக்குக் குறைந்ததாக இருக்கக் கூடாது. உணவு, உடல் எடை குறையாத அளவுக்கும், கைதி பழகிய உணவு முறையைக் கருத்தில் கொண்டும் தரப்பட வேண்டும்; தண்டனை என்ற பெயரில் கூட்டமாகச் சோற்றைக் குறைப்பதற்குத் தடை உண்டு. மாதம் ஒருமுறையாவது மருத்துவர் சோதித்து ஒவ்வொருவரின் எடையையும் குறித்து வைக்க வேண்டும். எடைக் குறிப்பு என்பது சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு முகாமில் பட்டினி தொடங்கிவிட்டதா என்பதை அதிகாரிகளின் வாக்குறுதியைவிட அந்தக் குறிப்பேடுதான் முதலில் காட்டிக் கொடுக்கும். வழிபாட்டுக்கு இடம், மாதத்துக்குக் குறைந்தது இரண்டு கடிதங்களும் நான்கு அட்டைகளும் எழுதும் உரிமை, செஞ்சிலுவைப் பிரதிநிதிகள் வந்து சாட்சி இல்லாமல் தனியே பேசும் உரிமை ஆகியவையும் உண்டு.

விசாரணையின்போது தன் பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் ஆகிய நான்கை மட்டும் சொன்னால் போதும். வேறு செய்தி பெறுவதற்காக அடிப்பதோ, மிரட்டுவதோ, சலுகையைப் பறிப்பதோ கூடாது. 2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தானில் பிடிபட்ட விங் கமாண்டர் அபிநந்தன், அதற்கு மேல் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு விடை சொல்ல மறுத்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆனால் நாம் அதைப் பார்க்க முடிந்ததே ஒரு மீறல் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. முகத்தில் இரத்தத்தோடு, கண் கட்டப்பட்ட நிலையில் அவரைப் படம் பிடித்துப் பரப்பியது தவறு. கைதியைப் பொதுமக்களின் வேடிக்கைக்கு உள்ளாக்கக் கூடாது என்று பதின்மூன்றாம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மார்ச் 1 அன்று அவர் வாகா எல்லையில் ஒப்படைக்கப்பட்டது நல்ல செயல். அதனால் அந்தக் காணொளி சரியாகிவிடாது.

மானம் பற்றிய இந்த அக்கறை நமக்கு அயலானதும் இல்லை. சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்தில் அடைபட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, கேட்ட தண்ணீரைக் காவலர் காலம் தாழ்த்திக் கொடுத்த அவமதிப்பைத் தாங்காமல் அதைக் குடிக்காமலே உயிர்விட்டான் என்பது புறநானூற்றின் 74ஆம் பாட்டுக்குரிய செய்தி.

கைதியை வேலை வாங்கலாமா?

வாங்கலாம், வரம்போடு. அதிகாரிகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது. மற்றவர்களுக்குக் கூலி தர வேண்டும். ஆயுதம் செய்தல் போன்ற இராணுவ வேலை தரக் கூடாது. கண்ணிவெடி அகற்றுவது போன்ற ஆபத்தான வேலையை அவரே முன்வந்தால் அன்றித் தரக் கூடாது.

இந்த வரம்புகள் எதுவும் மதிக்கப்படாதபோது நடந்ததுதான் சயாம்-பர்மா ரயில் பாதை. 415 கிலோமீட்டர் நீளப் பாதையை 1942-43-ல் ஜப்பானியப் படை அமைத்தபோது, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளில் சுமார் 12,000 பேர் காலராவாலும் பட்டினியாலும் அடியாலும் இறந்தனர். அவர்களோடு வேலை செய்த ஆசியத் தொழிலாளர்களின் நிலை அதைவிடக் கொடியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் உட்பட அவர்களில் 90,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் சிப்பாய்களுக்கு 6,900-க்கும் மேற்பட்ட கல்லறைகள் வரிசையாக உள்ளன. தமிழ்த் தொழிலாளிகளில் மிகப் பலருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அவர்களைப் பதிவு செய்து பட்டியல் கேட்கும் கடமை அன்றைக்கு எவருக்கும் இருக்கவில்லை.

சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்று சரணடைந்தபோது கைதியான நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களையும் இங்கே நினைக்க வேண்டும். அவர்களில் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். சேராதவர்களில் ஆயிரக்கணக்கானோர் நியூ கினி முதலிய தீவுகளுக்கு அடிமை வேலைக்கு அனுப்பப்பட்டுப் பெருந்தொகையாக இறந்தனர். முதல் கூட்டத்தாரின் வரலாற்றை நாம் பெருமையோடு சொல்கிறோம். இரண்டாம் கூட்டத்தாரைப் பற்றிப் பேசுவதே இல்லை. இரு சாராரும் நம்மவரே.

பெயர்ப் பட்டியலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறீர்கள்?

பெயர் வெளியே தெரிந்துவிட்ட கைதியைக் காணாமல் ஆக்குவது கடினம் என்பதே காரணம். பிடிபட்டவர் முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் ஓர் அட்டையை நிரப்பி அனுப்ப அனுமதிக்கப்பட வேண்டும் என்கிறது எழுபதாம் பிரிவு. அந்த அட்டையின் மாதிரி உடன்படிக்கையோடேயே இணைக்கப்பட்டிருக்கிறது. நாடு, பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், பதவி, படை எண், நெருங்கிய உறவினரின் முகவரி, பிடிபட்ட தேதி ஆகியவற்றுக்கு அதில் இடம் உண்டு. அதன் கீழே உடல்நலம் பற்றிய வரிசை: நலம், காயமில்லை, குணமாகிவிட்டது, தேறி வருகிறேன், நோயுற்றிருக்கிறேன், சிறு காயம், பெருங்காயம். பொருந்தாதவற்றை அடித்துவிட வேண்டும், கூடுதலாக ஒரு சொல்லும் எழுதக் கூடாது, கடைசியில் கையெழுத்து. அன்பு, ஆறுதல், விசாரிப்பு எதற்கும் அதில் இடமில்லை. ஆனாலும் மகன் உயிரோடு இருக்கிறான் என்பதை ஒரு தாய் அறிந்துகொள்ள அந்தக் கையெழுத்து ஒன்று போதும்.

அட்டையின் ஒரு படி ஜெனீவாவில் உள்ள மையத் தகவல் முகமைக்கும் இன்னொன்று குடும்பத்துக்கும் போகும். முதல் உலகப் போரின்போது அந்த முகமை எழுதிச் சேர்த்த அட்டைகள் ஏறத்தாழ எழுபது லட்சம். நம் பெரியவர்கள் வரவும் பற்றும் விடுபடாமல் பேரேட்டில் ஏற்றியதைப் போல, ஆளை ஏற்றிய கணக்கு அது: வந்தவர் எவர், மாற்றப்பட்டவர் எவர், இறந்தவர் எவர், எங்கே புதைக்கப்பட்டார். எந்த நாட்டிடமும் நாங்கள் வைக்கும் முதல் கோரிக்கை இந்தக் கணக்கைத் திறந்து காட்டு என்பதே.

எதிரி நம் வீரர்களைச் சித்திரவதை செய்யும்போது நாம் மட்டும் ஏன் ஒழுங்காக நடக்க வேண்டும்?

மிகுந்த வேதனையோடு கேட்கப்படும் கேள்வி இது. அந்த வேதனை நியாயமானது. 1999 கார்கில் போரின் தொடக்கத்தில் பிடிபட்ட கேப்டன் சௌரப் காலியாவும் அவருடன் சென்ற ஐந்து வீரர்களும் சிதைக்கப்பட்ட உடல்களாகத் திரும்பி வந்ததை மறக்க முடியாது. அதற்குப் பொறுப்பானவர்களை நீதியின் முன் நிறுத்தக் கேட்பது நம் உரிமை. ஆனால் அதற்குப் பழியாக, நம் கையில் இருக்கும் வேறொரு சிப்பாயைத் துன்புறுத்துவதை உடன்படிக்கை முற்றாகத் தடுக்கிறது. அதை அவன் செய்யவில்லை. அவன் தாயும் செய்யவில்லை. அதே போரில், உயிரிழந்த பாகிஸ்தான் வீரர்களின் உடல்களை அவர்கள் நாடு ஏற்காதபோது, இந்திய இராணுவம் இஸ்லாமிய முறைப்படி தொழுகை நடத்தி அடக்கம் செய்தது. அந்த ஆண்டு மே 27 அன்று பிடிபட்ட விமானி நச்சிகேதா, ஒரு வாரத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகத் திரும்பி வந்தார். கேடான நடத்தையும் ஒழுங்கான நடத்தையும் ஒரே போரில் அருகருகே இருக்கின்றன. எதைப் பின்பற்றுவது என்பதை ஒவ்வொரு படையும்தான் தேர்ந்துகொள்கிறது.

இன்று உக்ரைன் போரிலும் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைக் கண்காணிப்பாளர்கள், ரஷ்யாவின் பிடியில் உக்ரைனியக் கைதிகள் பரவலாகவும் திட்டமிட்டும் சித்திரவதைக்கு உள்ளானதைப் பதிவு செய்துள்ளனர்; உக்ரைனியர் பிடித்த ரஷ்யக் கைதிகள் தொடக்க நாட்களில் துன்புறுத்தப்பட்ட நேர்வுகளையும் பதிவு செய்துள்ளனர். இரண்டையும் கண்டிக்காமல் ஒன்றை மட்டும் கண்டிப்பவரை நாங்கள் போர்க்கைதிகளின் நண்பர் என்று கருதுவதில்லை.

கைதி தப்பி ஓட முயன்றால்?

அது குற்றம் ஆகாது. ஒழுங்கு நடவடிக்கை மட்டுமே எடுக்கலாம். 1972 ஆகஸ்டில் ராவல்பிண்டி முகாமிலிருந்து தப்பிய மூன்று இந்திய விமானப்படை அதிகாரிகள் ஆப்கன் எல்லை அருகே பிடிபட்டார்கள். பிறகு மற்றவர்களோடு அவர்களும் தாயகம் திரும்பினார்கள்.

எப்போது திருப்பி அனுப்ப வேண்டும்? சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை வைத்திருக்கலாமா?

கூடாது. முனைப்பான சண்டை ஓய்ந்ததும் தாமதமின்றி விடுவித்துத் தாயகம் அனுப்ப வேண்டும் என்பது 118ஆம் பிரிவு. ஒப்பந்தம் இல்லை என்பது சாக்காகாது. அப்படிப்பட்ட நிலையில் கைதிகளை வைத்திருக்கும் நாடே திட்டம் வகுத்து அனுப்ப வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் கைதிகளை ஆண்டுக்கணக்கில் வேலைக்காக வைத்திருந்தது இந்தப் பிரிவின் பின்னணி. பிரிவு வந்த பிறகும், சோவியத் நாட்டில் கடைசி ஜெர்மன் கைதிகள் போர் முடிந்து பத்து ஆண்டுகள் கடக்கும்வரை கிடந்தார்கள். கடுமையாகக் காயமுற்றவரும் நோயுற்றவரும் போர் முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. பயணம் செய்யத் தக்க நிலை வந்தவுடன் அவர்களை அனுப்ப வேண்டும்.

நம் நாட்டின் சொந்த வரலாற்றையும் இங்கே நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த பின் அந்தத் தரப்பினர் சுமார் 93,000 பேர், பொதுமக்களில் சிலரும் உட்பட, இந்தியாவின் காவலுக்கு வந்தார்கள். மேற்கு முனையில் பிடிபட்டவர்கள் 1972 டிசம்பரில் இரு பக்கமும் திரும்பினர். ஆனால் கிழக்கில் பிடிபட்டவர்கள் 1973 ஆகஸ்டு தில்லி ஒப்பந்தம்வரை காத்திருந்து, 1974 ஏப்ரலில்தான் முழுமையாகப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் இந்திய-வங்கதேசக் கூட்டுப் படையிடம் சரணடைந்ததால் வங்கதேசத்தின் இசைவும் வேண்டும் என்பது இந்தியாவின் வாதம். வங்கதேசத்தைப் பாகிஸ்தான் அங்கீகரிப்பது, 195 பேர் மீதான போர்க்குற்ற வழக்கு ஆகிய சிக்கல்கள் நடுவில் நின்றன. முகாம்களில் அவர்களை நடத்திய முறைக்காக இந்தியாவைப் பாராட்டுகிறோம். சண்டை ஓய்ந்த பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீண்ட அந்தக் காத்திருப்பைப் பாராட்ட எங்களால் முடியவில்லை. ஒரு சிப்பாயின் விடுதலை அரசியல் அங்கீகாரத்தோடு முடிச்சுப் போடப்படும்போது, அந்த முடிச்சை அவிழ்க்கும் வல்லமை அவனிடம் ஒரு துளியும் இல்லை.

இதைவிட மோசமானவை உண்டு. ஈரான்-ஈராக் போர் 1988 ஆகஸ்டில் ஓய்ந்தது. கடைசிக் கைதிகள் 2003-ல் வீடு திரும்பினர். மேற்குச் சகாராவில் 1991-ல் போர்நிறுத்தம் வந்தது. அங்கே மொராக்கோவை எதிர்த்துப் போரிட்ட பொலிசாரியோ இயக்கத்தின் வசம் இருந்த கடைசி 404 மொராக்கோ வீரர்கள் விடுவிக்கப்பட்டது 2005 ஆகஸ்டில். இருபது வயதில் பிடிபட்டவர் நாற்பதைத் தாண்டி வந்தார்.

ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வது நல்லதுதானே?

போர் நடக்கும்போது மிக நல்லது. 2025 மே மாதம் இஸ்தான்புல் பேச்சுக்குப் பின் ரஷ்யாவும் உக்ரைனும் மூன்று நாட்களில் தலா ஆயிரம் பேரைப் பரிமாறிக்கொண்டன. அத்தனை வீடுகளில் விளக்கெரிந்தது. ஆனால் சண்டை ஓய்ந்த பிறகு எண்ணிக்கைக்கு எண்ணிக்கை கேட்பது முறையாகாது. அப்போது திருப்பி அனுப்புவது தனித்தனிக் கடமை. எதிர்த்தரப்பு அனுப்பவில்லை என்பதற்காக நாம் நிறுத்தி வைக்க முடியாது.

திரும்பிப் போக விரும்பாதவரை என்ன செய்வது?

கொரியப் போரின் முடிவில் இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. அதைக் கையாளும் பொறுப்பு இந்தியாவுக்கு வந்தது. 1953-ல் அமைந்த நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்கு ஜெனரல் திம்மையா தலைமை ஏற்றார். ஜெனரல் தோரட் தலைமையில் சென்ற இந்தியக் காவல் படை, தாயகம் திரும்ப மறுத்த இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளைப் பாதுகாத்தது. முகாமுக்குள்ளேயே ஒருவரையொருவர் மிரட்டிக்கொண்ட அந்தச் சூழலில், ஒவ்வொருவரையும் தனியே அழைத்து விருப்பத்தைக் கேட்பதே பெரும்பாடாக இருந்தது. இரு தரப்புக்கும் போக மறுத்த சிலர் இந்தியாவுக்கே வந்தார்கள். திரும்பினால் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று அஞ்சுபவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அதே நேரத்தில், போக விருப்பமில்லை என்று அவர் பெயரில் சிறை அதிகாரி சொல்வதை நம்பவும் கூடாது. நடுநிலையாளர் முன்னிலையில் கைதியே சொல்ல வேண்டும்.

1971-ல் காணாமல்போன இந்திய வீரர்கள் பற்றி ஏதாவது தெரிந்ததா?

பாகிஸ்தான் வசம் இருப்பதாக இந்திய அரசு நம்பும் காணாமல்போன படையினர் 83 பேர். நீண்ட காலமாகப் பேசப்படும் 54 போர்க்கைதிகள் அதில் அடக்கம். தன்னிடம் அப்படி எவரும் இல்லை என்கிறது பாகிஸ்தான். 2007-ல் உறவினர் குழு ஒன்று பாகிஸ்தான் சிறைகளுக்குப் போய்த் தேடியும் எவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. மனைவிமார் மூதாட்டிகளாகி, பெற்றோர் மறைந்து, இப்போது பிள்ளைகள் மனுப் போடுகிறார்கள். ஐம்பது ஆண்டு கடந்துவிட்டதே என்று இதை மூடிவிடச் சொல்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. உயிரோடு இல்லை என்றால் எங்கே, எப்போது என்பதைச் சொல்ல வேண்டும்; அடக்கம் செய்த இடத்தைக் குறித்து வைப்பதும் கைதியை வைத்திருந்த நாட்டின் கடமையே.

இலங்கை உள்நாட்டுப் போரில் பிடிபட்டவர்கள் போர்க்கைதிகளா?

சட்டப்படி அந்தத் தகுதி உள்நாட்டுப் போரில் கிடைப்பதில்லை. ஆனால் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான மூன்றாம் பிரிவு அங்கும் பொருந்தும்: ஆயுதத்தைக் கீழே போட்டவரைக் கொல்வதும், சித்திரவதை செய்வதும், அவமானப்படுத்துவதும், முறையான நீதிமன்றம் இன்றித் தண்டிப்பதும் தடை செய்யப்பட்டவை. 2009 மே மாதம் வன்னியில் தம் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்த உறவினர்கள் எங்கே என்று குடும்பத்தார் இன்றும் கேட்கிறார்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தின் கோரிக்கை அதுவே. மறுபக்கத்தில், போரில் காணாமல்போன சிங்களச் சிப்பாய்களின் தாய்மாரும் இருக்கிறார்கள். நாங்கள் இருவருக்காகவும் கேட்கிறோம்.

இலங்கைச் சிறையில் இருக்கும் நம் மீனவர்கள்?

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், இராமேசுவரம் பக்கத்து மீனவர்கள் போர்க்கைதிகள் அல்லர். எல்லை தாண்டியதாக இலங்கையின் உள்நாட்டுச் சட்டப்படி பிடிக்கப்பட்டவர்கள். அவர்களுக்கான வழி தூதரக அதிகாரிகள் சந்திப்பதும் வழக்கறிஞர் உதவியும். இந்தியாவும் பாகிஸ்தானும் 2008 ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாட்களில் தம் சிறைகளில் உள்ள மறுநாட்டுக் கைதிகள், மீனவர்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. பகை நாடுகளே இதைச் செய்யும்போது இலங்கையோடும் அப்படி ஒரு முறையான பட்டியலைக் கேட்பதில் தவறில்லை.

இங்கிருந்து நாங்கள் என்ன செய்ய முடியும்?

முதலாவதாக, எந்த நாட்டுக் கைதியாக இருந்தாலும், அவரை அவமதிக்கும் படமோ காணொளியோ உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தால் மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் காரணத்தைச் சொல்லுங்கள். இரண்டாவதாக, உங்கள் குடும்பத்தில் மலாயா, சிங்கப்பூர், பர்மா போர்முனைகளிலிருந்து திரும்பாத சிப்பாய் எவரேனும் இருந்தால், டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய ஓய்வூதியத் தாள், பதக்கம், படை எண் எழுதிய கடிதம் ஆகியவற்றைத் தேடி எடுங்கள். படை எண் கிடைத்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் தேடலாம். பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் விண்ணப்பித்துக் கேட்கலாம். அண்மைக் காலத்தில் பிரிந்தவர்களைத் தேட இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பத் தொடர்பு மீட்புப் பணி இருக்கிறது.

மூன்றாவதாக, எழுதுங்கள். சிவகங்கைத் தொகுதி மக்களவை உறுப்பினருக்கும் வெளியுறவு அமைச்சகத்துக்கும் தமிழிலேயே எழுதலாம். 1971-ல் காணாமல்போனோரைப் பற்றி இரு நாடுகளும் தம் ஆவணங்களைத் திறக்க வேண்டும், இப்போது போரிடும் நாடுகள் செஞ்சிலுவைப் பிரதிநிதிகளை எல்லா முகாம்களுக்கும் அனுமதிக்க இந்தியா வற்புறுத்த வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளை மட்டும் ஒரு பக்கத்துக்குள் எழுதி, உங்கள் பெயரும் முகவரியும் சேர்த்து, விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டால் அதே கடிதத்தின் நகலை இணைத்து மறுபடியும் அனுப்புங்கள்.